எதிரெதிரே உட்கார்ந்து

— இந்த ஆஸ்பத்திரி பால்கனியத் தாங்குற முட்டுக்கட்டையில கை வைக்காதீங்க, வமிம்பி மேஸ்திரி. ஒண்ணுகூட உருவக்கூடாது.

— என்ன இஞ்சினியரம்மா, ஏன் தடுக்குறீங்க? காங்கிரீட் போட்டு இருபத்தெட்டு நாள் ஆச்சு. பத்து மணிக்கு மக பாட்டுக்குப் போகணும், சீக்கிரம் சீக்கிரம்னு பறந்தது நீங்கதானே?

— பால்கனி ஓரத்துல கம்பி நுனி தெரியுதே. ஏன் அடியில கிடக்கு?

— நீங்க வரைஞ்சபடிதான். இருபது வருஷமா கம்பி கட்டுறேன், படத்துல உள்ளத ஒரு விரக்கடை மாத்தினதில்ல.

— நான் மேலதான் வரைஞ்சேன்.

— கீழ. வனாலே மலையில மேகம் இறங்குது, படம் நனைஞ்சிடும்னு காகிதத்தப் பையில திணிச்சுட்டு, குச்சியால மண்ணுல கீறிக் காட்டினீங்க. இந்த ரெண்டு கண்ணால பார்த்தேன்.

— அப்ப நான் எங்க உக்காந்திருந்தேன்?

— எனக்கு எதிர்ல.

— எதிர்லயா? ஐயோ. உங்களுக்கு அது தலைகீழாத் தெரிஞ்சிருக்கு, மேஸ்திரி. நான் மேலன்னு போட்ட கோட்ட நீங்க கீழன்னு பார்த்திருக்கீங்க.

— எனக்கும் மனசுல உறுத்துச்சு.

— வாயத் திறந்து கேட்டிருக்கலாமே?

— போன வேலையில கேட்டேனே. “எனக்குப் பாடம் எடுக்காதீங்க, படத்தப் பார்த்துக் கட்டுங்க”ன்னு அத்தன ஆள் முன்னாடி சொன்னீங்க. அதுக்கப்புறம் நான் ஏன் கேக்கப்போறேன்?

— நீட்டிக்கிட்டு நிக்குற பால்கனில பாரம் ஏறினா மேல்பக்கம்தான் பிளக்கும். இழுத்துப் பிடிக்க அங்க கம்பியே இல்ல. நாலு நோயாளி வந்து நின்னா சுவத்துல இருந்து பிஞ்சு விழும்.

— முட்டு இருக்குற வரைக்கும்?

— விழாது. இடிச்சுட்டுப் புதுசாப் போடுவோம். தப்பு என்னோடது, நானே ஆஸ்பத்திரிக்காரங்ககிட்ட சொல்றேன். ஒரு உசுரும் போகல, அது போதும்.

— உக்காருங்கம்மா. டீயக் குடிங்க. உங்க மக கைன்ஸா எங்க பாடுது? தேவாலயத்துலயா?

— இல்ல, பொண்ணுங்க விடுதியில. இன்னிக்கித்தான் திறக்குறாங்க, இன்னும் யாரும் குடிவரல. பாட்டுக்குழுவுல நாப்பது பிள்ளைங்க. கீழ நிக்குற கூட்டத்துக்குத் தெரியணும்னு மாடியில நிறுத்திப் பாட வைக்குறாங்களாம்.

— மாடியில எங்க? பால்கனிலயா?

— ஆமா, நாம கட்டினதுதான். ஏன் டீயக் கொட்டுறீங்க?

— மணி என்னம்மா?

— பத்தாகப் பத்து நிமிஷம். என்ன மேஸ்திரி, சொல்லுங்க.

— நான் சொன்ன போன வேலை அதுதான். அங்கயும் நீங்க எனக்கு எதிர்ல உக்காந்துதான் வரைஞ்சீங்க.