படுக்க வைத்த குப்பிகள்

பிளாஸ்திரியை வெடுக்கென்று பிடுங்கக் கூடாது, ஐயா. ஓரத்தை விரலால் அழுத்திக்கொண்டு மெல்லப் பிரிக்க வேண்டும். பத்தொன்பது வருஷத்தில் என் கையில் ஒருத்தரும் முகம் சுளித்ததில்லை. அதனால்தான் ஆராய்ச்சிப் பிரிவின் டிரெஸ்ஸிங் அறைக்கு என்னைப் போட்டார்கள்.

மருந்து சின்னக் குப்பியில் உறைந்து வரும். ஸ்டெம் செல்கள் வெளியே விடும், கண்ணுக்குத் தெரியாத பைகள். எக்ஸோசோம் என்பார்கள். வளர், மூடிக்கொள் என்று தோலுக்குச் சேதி கொண்டுபோகிறவை. டாக்டரம்மா முதல் நாளே சொல்லிவிட்டார்: "உருகினா உடனே போட்டுடணும். மறுபடி உறைய வெச்சா பையெல்லாம் உடைஞ்சிடும். அப்புறம் அது வெறும் தண்ணி."

நல்ல மருந்து. வந்தவர்களுக்கெல்லாம் ஆறேழு வாரத்தில் புண் மூடியது. கை குலுக்கிவிட்டுப் போனார்கள். பிறகு பஸ் நிறுத்தத்தில் எதிரே நின்றாலும் அவர்களுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் குதிகாலில் சர்க்கரைப் புண்ணோடு வந்தார். செவ்வாயும் வெள்ளியும், காலை பத்து மணி. கட்டுப் போட்டு முடிந்தாலும் எழுந்துபோக மாட்டார். "ஏன் தம்பி, சாப்டியா? மூஞ்சி வாடிக்கெடக்கே" என்பார். என் வீட்டில் இரண்டு நாற்காலிகள், ஐயா. ஒன்றில் எப்போதும் துணி கிடக்கும். அந்தக் கேள்வியை வேறு யாரும் என்னிடம் கேட்டதில்லை.

மூன்றாவது வாரம் புண்ணின் ஓரத்தைக் கண்ணாடித் தாளில் வரைந்து அளந்தேன். பாதியாகச் சுருங்கியிருந்தது.

"அடுத்த மாசம் உன் மூஞ்சில முழிக்க வேண்டியதில்ல" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். அவர் போனதும், அவருடைய எண் போட்ட குப்பிகளை எடுத்து ஜன்னல் வெயிலில் வைத்தேன். செய்தித்தாள் படித்து முடிப்பதற்குள் உருகிவிட்டன. திரும்ப ஃப்ரீசரில் அடுக்கினேன். குப்பிகளைச் சோதித்த உங்கள் போலீஸ் லேப் ஆள் கண்டுபிடித்தது சரிதான். கம்பெனியில் நிற்க வைத்து உறைய வைத்த குப்பியில் பனி அடியில் இருக்கும். நான் படுக்க வைத்துவிட்டேன். பனி பக்கவாட்டில் படிந்துவிட்டது. கவனக்குறைவு.

மற்றபடி வேலையில் குறை வைக்கவில்லை. முறை தவறாமல் அந்தத் தண்ணீரைப் போட்டேன். புண் சுருங்குவது நின்றது. பிறகு அகலமானது. டாக்டரம்மா ஃப்ரீசரைச் சந்தேகப்பட்டார், சர்க்கரையைச் சந்தேகப்பட்டார்.

"என் கால் உன்ன விடமாட்டேங்குதுடா தம்பி. காதல்!" என்றார் டிரைவர். அன்று இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அப்புறம் காய்ச்சல் வந்தது. சீழ் எலும்பைத் தொட்டுவிட்டது.

"கால் தப்பிச்சிடும்ல? பேத்திக்கு சைக்கிள் கத்துக்குடுக்கறதா வாக்குக் குடுத்திருக்கேன்."

"தப்பிச்சிடும், அண்ணே."

அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னேன். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆமாம், நான்தான் செய்தேன். ஆனால் அவருக்குக் கெடுதல் நினைத்துச் செய்யவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எடுத்த இடத்திலும் தையல் இருக்கும், ஐயா. வாரம் இருமுறை பிரித்துக் கட்ட வேண்டும். பிளாஸ்திரியை வெடுக்கென்று இழுத்தால் அவருக்குத் தாங்காது.

இன்று செவ்வாய். பத்தாகப் போகிறது. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். அவர் எனக்காகக் காத்துக்கொண்டிருப்பார்.