எருமைக்கு ஒரு வாக்கு

அவையை ஆளும் தலைவர் இராசரத்தினம் அண்ணை அவர்களே! முன்வரிசையை முற்றுகையிட்டிருக்கும் முதியோரே! மேடையில் ஒரு கண்ணும் வடைத்தட்டில் மறு கண்ணுமாய் வீற்றிருக்கும் அன்னையரே! பெற்றவளே அடையாளம் காண முடியாதபடி நீலமும் சிவப்பும் பூசி நிற்கும் இளையோரே! சனிக்கிழமைத் தமிழ் வாத்தியார் சூசைதாசனின் வணக்கம்.

அமெரிக்கன் ஃபுட்போல் ஆடும் பஃபலோ பில்ஸ் அணிக்கு நம் கனடா ஸ்காபரோவில் தமிழ் ரசிகர் மன்றம் பிறந்துவிட்டது. பெயர்தான் இன்னும் இல்லை. பஃபலோ என்றால் எருமை; அணிச் சின்னமும் எருமை. ஆகவே 'எருமை மாடுகள்' என்கிறாள் செயலாளர் துர்க்கா. தலைவருக்கோ தாங்கவில்லை. "அது எருமையில்லை, காட்டெருது. எருது எண்டா நந்தி. நந்திப் படை எண்டு வைப்பம்" என்கிறார். சைவமும் காப்பாற்றப்பட்டது, சங்கமும் காப்பாற்றப்பட்டது! ஆனால் துர்க்கா விடவில்லை. "நந்தி எண்டா நான் தலை போடமாட்டன்" என்று வேடத்துக்கான அந்த நீல எருமைத் தலையைக் கையில் ஏந்தியபடி, அதோ, ஓரமாக நிற்கிறாள். சற்று நேரத்தில் வாக்கெடுப்பு.

பெரியோர்களே, பெயரில் என்ன இழிவு? படிக்காத பிள்ளையை என்ன சொல்லி ஏசினோம்? "மாடு மேய்க்கத்தான் போவாய்!" டலஸ்காரன் அந்தப் பெயரையே அணிக்கு வைத்தான்: கௌபோய்ஸ். இறைச்சி பொதிசெய்த தொழிலாளியின் பெயரை கிறீன் பே ஊர் அணி தூக்கிப் பிடித்தது: பக்கேர்ஸ். நாமும் இங்கே வந்து தொழிற்சாலைகளில் பெட்டி அடுக்கினோம். ஊருக்கு என்ன எழுதினோம்? "ஒஃபிசில வேலை!" சிரிக்காதீர்கள் அண்ணை, நீங்களும் எழுதினீர்கள்.

என்ன தம்பி? "சேர், கெதியா முடியுங்கோ" என்கிறாயா? எருமை பற்றிய பேச்சு, தம்பி. அது எப்போது அவசரப்பட்டது?

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் இதே துர்க்காவைச் செய்யுள் ஒப்புவிக்கச் சொன்னேன். பேசாமல் நின்றாள். மறுபடி கேட்டேன். மறுபடியும் நின்றாள். "எருமை மாட்டில மழை பெய்த மாதிரி நிக்கிறாய்" என்றேன். வகுப்பே சிரித்தது. அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை. அதன் பிறகு வரவேயில்லை. அதற்கு நான் இன்றும் வெட்கப்படுகிறேன்.

போன மாதம் வீட்டுக்கு வந்தாள். "சேர், எனக்கு எருமை எண்டு பேர் வச்சது நீங்கள்தானே. கன நாள் அழுதனான். பிறகு ஸ்டேடியத்தில அவ்வளவு சனமும் 'பஃபலோ, பஃபலோ' எண்டு அந்தப் பேரைச் சொல்லிக் கத்தேக்க, எனக்குச் சிரிப்பு வந்துட்டுது. இப்ப அது என்ர பேர். மைக்கில நீங்களே சொல்லுங்கோ" என்றாள்.

சொல்கிறேன், மகளே! எருமையில் மழை பெய்தால் என்ன? பனியே பெய்கிறது, பஃபலோ ரசிகன் இருக்கையை விட்டு எழுந்தானா? இறுதியாட்டத்தில் தொடர்ந்து நான்கு ஆண்டுகள் தோற்றது அவன் அணி, எழுந்தானா? ஊரே நகைத்தது, எழுந்தானா? அசையாமல் இருப்பது மந்தம் என்று எண்ணினேனே, அது மானம் அல்லவா! பன்னிரண்டு ஆண்டுகள் தாமதமாக, சபை அறிய மன்னிப்புக் கேட்கிறேன்.

தலையைப் போடு துர்க்கா! சபையோரே, எருமைக்குக் கை தூக்குங்கள். ஆகா, வடை பிடித்த கைகளும் உயர்கின்றன! அண்ணை, உங்கள் கையுமா? ஓ, மைக்கைப் பறிக்கவா? பரவாயில்லை, உயர்ந்த கை உயர்ந்ததுதான். எண்ணியாயிற்று.

பொறுத்துக் கேட்ட உங்களுக்கும், நந்தியை விட்டுக்கொடுத்த தலைவருக்கும் என் நன்றி. துர்க்கா, என் வகுப்புக்கு நீ திரும்பி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் பார்க்க நீ ஒழுங்கு செய்த பஸ்ஸில் நான் வருகிறேன். ஸ்டேடியத்தில் உன் பக்கத்து இருக்கையில் இருக்கிறேன். பனி பெய்யட்டும். எழும்பமாட்டேன். வணக்கம்!