அறிவியல் பிரிவிலிருந்து விலக விண்ணப்பம்

— பேனரை வலது பக்கம் இன்னும் தூக்கிக் கட்டுங்க அண்ணே. ‘உன்னால் முடியும்’ல ‘முடியும்’ மட்டும் தொங்குது பாருங்க.

— ஏணி மேல நிக்கிறவனுக்கு எங்க டீச்சர் தெரியுது. இப்போ?

— கொஞ்சம் பரவாயில்ல. பத்து மணிக்கு விழா. ‘அறிவியல் எல்லாருக்கும் வரும்’னு அரைமணி நேரம் நான் பேசணும். இந்த நேரம் பார்த்து அவ இந்தப் பாரத்தைக் கொண்டாந்து நீட்டுறா.

— யாரு, நம்ம கடைசி பெஞ்ச் பொண்ணா?

— அவளேதான். அறிவியல் பிரிவே வேணாமாம். நான் கையெழுத்துப் போட்டா நாளையிலேர்ந்து இந்த லேப் பக்கமே வர மாட்டா. முதல் பரீட்சையில ஒம்பது, அடுத்தது பதினெட்டு, போன மாசம் இருபத்தாறு. ஏறிக்கிட்டு இருக்கிறவ எதுக்கு அண்ணே இறங்கணும்?

— அம்பதுக்கு இருபத்தாறுன்னா பாஸாச்சே.

— அதான் எரிச்சலா வருது. கேட்டா, ‘எனக்கு வராது மிஸ்’. இந்த ‘வராது’வை எங்கேர்ந்துதான் பிடிச்சுட்டு வருதுங்களோ. வீட்டுல சொல்லியிருப்பாங்க.

— அவங்க அம்மாவா? சாயங்காலம் நான் லேப்பைப் பூட்டுற வரைக்கும் அவ இங்க உக்காந்து வயரும் பல்புமா மாட்டிக்கிட்டு இருப்பா. கூட்டிட்டுப் போக வர்ற அந்தம்மா, ‘இன்னொரு தடவை மாட்டிட்டு வரட்டும்’னு வாசல்லயே நிப்பாங்க.

— அப்போ சினேகிதிங்க வேலை.

— அதுங்களுக்கு அதுங்க மார்க்கே தலைக்கு மேல இருக்கு டீச்சர்.

— நான் என்னதான் குறை வச்சேன், சொல்லுங்க. சுவத்துல இடம் விடாம பொன்மொழியா ஒட்டியிருக்கேன். வாரத்துக்கு ஒரு பீரியட் பாடத்தையே விட்டுட்டு தன்னம்பிக்கை பத்திப் பேசுறேன். கை தட்டுதுங்க. போன தடவை அவளும் தட்டினா.

— நானும்தான் தட்டினேன். எல்லாரும் தட்டுறப்போ நாம மட்டும் சும்மா இருந்தா நல்லாவா இருக்கும்.

— கிண்டலா? இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் அண்ணே. மூஞ்சியைப் பார்த்தே யாருக்கு எவ்வளவு வரும்னு சொல்லிடுவேன். ஒண்ணு ரெண்டுதான் முன்ன பின்ன போகும்.

— தெரியுமே. அதை மார்க் நோட்டுலயும் முன்னாடியே போட்டு வச்சிருவீங்க.

— உத்தேச மார்க் குடுங்கன்னு ஆபீஸ்ல உயிரை எடுக்கிறாங்க. பென்சில்ல போட்டு வச்சா, பரீட்சை முடிஞ்சதும் மேலயே பேனாவால எழுதிக்கலாம். வேலை மிச்சம். அதுக்கு என்ன இப்போ?

— வெள்ளிக்கிழமை அந்த நோட்டை ஆபீஸ்லேர்ந்து எடுத்துட்டு வர யாரை அனுப்புனீங்க?

— அவளைத்தான். ஏன்?

— வர்ற வழியில பிரிச்சுப் பார்த்துட்டா டீச்சர். என்கிட்டதான் வந்து சொன்னா. அடுத்த மாசப் பரீட்சைக்கு இன்னும் கேள்வித்தாளே அடிக்கல. அவ பேருக்கு நேரா பதினொண்ணு.

— அந்த இருபத்தாறு ஏதோ குருட்டாம்போக்குல வந்ததுன்னு நினைச்சு... அண்ணே, அது வெறும் பென்சில்தானே. அழிச்சாப் போச்சு.

— நானும் அதையேதான் சொன்னேன். சரின்னு தலையாட்டினா. உங்க கையெழுத்தை மட்டும் பேனாவால போட்டு வாங்கித் தரச் சொன்னா.