வெளியே போகாத அழைப்பு

நன்றாக வேலை செய்யும் தொலைபேசியைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. அது நியாயம்தான். எங்கள் அலுவலகத்தில் நானூறு மேசைகளுக்கு லைன் கொடுத்தவன் நான். யார் வெளியூர் பேசலாம், யார் உள்ளூரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், எந்த இலக்கத்தை அழுத்தினால் எந்த வழி திறக்கும் என்று ஒவ்வொன்றுக்கும் விதி எழுதியவன். எட்டு வருடங்களாக எதுவும் பழுதாகவில்லை. அதனால் என்னைக் கூப்பிட வேண்டிய தேவையும் யாருக்கும் வரவில்லை. வாரத்துக்கு ஒருமுறை வேறொரு மேசையிலிருந்து என் எண்ணை நானே அழைத்து, மணி அடிக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன். ஒவ்வொரு முறையும் அடித்தது.

நீங்கள் அந்த விதியைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்கிறேன்.

எங்கள் அலுவலகத்திலிருந்து வெளியே பேச முதலில் ஒன்று என்ற இலக்கத்தை அழுத்த வேண்டும். அவசர உதவி எண்ணான நூற்றெட்டும் ஒன்றில்தான் தொடங்குகிறது. அடுத்த இலக்கங்களில் விரல் தடுமாறினால், வீட்டுக்குப் பேச நினைத்தவருக்கு ஆம்புலன்ஸ் வந்துவிடும். ஒரே மாதத்தில் மூன்று முறை வந்தது. மேலாளர் என்னை அறைக்கு வரச் சொன்னார்.

"அந்த டிரைவர் பேரையும் வருகைப் பதிவேட்டுல சேர்த்துடலாமாய்யா? நம்மாளுங்களவிட ஒழுங்கா வர்றாரு."

"சரி பண்ணிடுறேன் சார்."

"எப்படிப் பண்ணுவியோ, எனக்குத் தெரியாது. இன்னொரு தடவ அந்தச் சத்தம் வாசல்ல கேக்கக் கூடாது."

கேட்கவில்லை. அன்று மாலையே புது விதி எழுதினேன். யார் அவசர எண்ணை அழுத்தினாலும் அழைப்பு முதலில் என் மேசைக்கு வரும். தவறுதலா, உண்மையா என்று விசாரிப்பேன். உண்மையென்றால் ஒரு பொத்தானை அழுத்தி வெளியே அனுப்பிவிடுவேன். அனுப்பியதும் என் முனை துண்டிக்கப்படும். விதியை அப்படித்தான் எழுதியிருந்தேன்.

மறுநாளே மணி அடித்தது. கணக்குப் பிரிவு அம்மா.

"ஐயையோ, தப்பா அழுத்திட்டேன். நீங்க யாரு சார்?"

சொன்னேன்.

"அட, போனுக்குன்னு தனியா ஒருத்தர் இருக்கீங்களா! இத்தன வருஷமா எங்க ஒளிஞ்சிருந்தீங்க?"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அதன் பிறகு வாரத்துக்கு நான்கைந்து பேர். பலர் மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்துவிடுவார்கள். ஒருவர் மட்டும் மழையைப் பற்றி இரண்டு நிமிடம் பேசினார். யார் என்ன பேசினார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். அது இப்போது உங்களிடம் இருக்கிறது. படித்திருப்பீர்கள்.

வெளி இணைப்புக்கான இலக்கத்தை ஒன்றிலிருந்து எட்டாக மாற்றியிருந்தால் இந்தத் தவறே நடக்காது. பத்து நிமிட வேலை. எனக்கு அது முதல் நாளிலிருந்தே தெரியும். மாற்றிவிட்டால் யாரும் தவறாக அழுத்த மாட்டார்கள் என்பதும் தெரியும்.

அந்த வியாழக்கிழமை காலை எல்லோரும் குழுப் புகைப்படத்துக்காகப் புல்வெளிக்குப் போயிருந்தார்கள். பிரிவுவாரியாகப் பெயர்ப் பட்டியல் வந்திருந்தது. நான் எந்தப் பிரிவு என்பது யாருக்கும் நினைவுக்கு வரவில்லை போலிருக்கிறது. பதினொரு மணிக்கு என் போன் அடித்தது. தரைக்குக் கீழே இருக்கும் வரைபட அறை. கைபேசிக்குச் சிக்னல் எட்டாத இடம்.

"ஆம்புலன்ஸா? அப்பா கீழ விழுந்துட்டாரு. மூச்சு விடவே கஷ்டப்படுறாரு."

கட்டட வரைபடம் போடுபவரின் மகள். வீட்டில் மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியை அப்பாவிடம் கொடுக்க வந்தவள். அவர் நெஞ்சு அடைக்கிறது என்று புகைப்படத்துக்குப் போகாமல் இருந்திருக்கிறார். இது தவறுதலான அழைப்பு இல்லை என்பது முதல் வாக்கியத்திலேயே தெரிந்துவிட்டது. என் விரல் பொத்தானுக்குப் போனது.

"சார், லைன மட்டும் வெச்சிடாதீங்க."

அப்படி என்னிடம் யாரும் சொன்னதில்லை.

"வெக்க மாட்டேம்மா. வண்டி கிளம்பிடுச்சு," என்றேன்.

எந்த வண்டிக்கும் தகவல் போகவில்லை. ஒரு நிமிடம் ஆறுதல் சொல்லிவிட்டு அனுப்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். சட்டைப் பொத்தானைத் தளர்த்தச் சொன்னேன். தளர்த்தினாள்.

"மேல போய் யாரையாவது கூட்டிட்டு வரட்டா?"

"அப்பாவத் தனியா விட்டுட்டுப் போகாதம்மா."

தனியாக இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். அதனால் சொன்னேன்.

அவள் பேசிக்கொண்டே இருந்தாள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுவாராம் அப்பா. இவளும் அம்மாவும் காட்டிக்கொடுக்காமல் கூடவே தேடுவார்களாம். சொல்லிக்கொண்டே அழுதாள்.

"இன்னும் எவ்ளோ நேரம் சார்?"

"பக்கத்துல வந்தாச்சும்மா."

"நீங்க இருக்கீங்கன்னுதான் தைரியமா இருக்கேன்."

பின்னால் கேட்டுக்கொண்டிருந்த மூச்சுச் சத்தம் சற்று நேரத்தில் நின்றது. நான் கவனித்தேன். அவள் கவனிக்கவில்லை.

"தூங்குற மாதிரி இருக்காரு சார்."

"தூங்கட்டும்மா. நீ சொல்லு."

மொத்தம் பத்தொன்பது நிமிடங்கள். பிறகு புகைப்படம் முடிந்து திரும்பியவர்களின் பேச்சுச் சத்தம் கேட்டது. யாரோ ரிசீவரை வாங்கி, "லைன்ல யாரு?" என்றார்கள். நான் வைத்துவிட்டேன்.

முதல் நிமிடத்தில் பொத்தானை அழுத்தியிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று மருத்துவர் எழுதியிருக்கிறார். நான் அழுத்தவில்லை. அழுத்தக் கூடாது என்று நினைத்துத்தான் அழுத்தவில்லை. இதில் கையெழுத்துப் போட எனக்குத் தயக்கம் இல்லை.

ஆனால் உங்கள் விசாரணை அறிக்கையில் ஒரு வரி பிழையாக இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு யாருடைய உதவியும் கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்திவிடுங்கள். பத்தொன்பது நிமிடமும் நான் கூடவே இருந்தேன். வேண்டுமானால் அவளையே கேளுங்கள்.