பட்டியலில் ஒரே ஓர் எண்

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, ஐயா. காகிதத்தை மடித்து அடியில் வைத்தால் ஆடாது. இதையெல்லாம் கவனிப்பதுதான் முப்பத்தோரு வருடமாக என் வேலை.

எங்கள் குளிர்பதனக் கிடங்கின் இயந்திர அறையில் மெக்கானிக் செத்துப்போனதில் எனக்கும் வருத்தம்தான். அதற்காகத் தலையைக் குனிய மாட்டேன். எதையும் மறைக்கவும் மாட்டேன்.

அந்த அறைச் சுவரில் சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவி இருக்கிறது. குளிரூட்ட ஓடும் அம்மோனியா, அது விஷவாயு, காற்றில் கசிந்தால் அளக்கும். அளவு இருபத்தைந்தைத் தாண்டினால் அறையில் மணி அடிக்கும்; நெட்வொர்க் வழியாக ஃபோன்களுக்கும் எச்சரிக்கை போகும். யாருக்குப் போக வேண்டும், யார் அளவைப் பார்க்கலாம், யார் மாற்றலாம், எல்லாம் நான் அமைத்ததுதான். மேனேஜர், மெக்கானிக், நான் என்று பட்டியலில் மூன்று எண்கள்.

புது மேனேஜருக்கு அது பிடிக்கவில்லை. எல்லோரும் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் சொன்னார்:

"ஏம்மா, உங்க பெட்டி தும்மினாக்கூட ஊருக்கே தந்தி அடிக்குது. வயசானா இப்படித்தான் போல, எதுக்கெடுத்தாலும் பயம்."

சிரித்தார்கள். மெக்கானிக்கும் சிரித்தான். "அக்கா வீட்ல பால் பொங்கினாலும் நமக்கு மெசேஜ் வரும் சார்" என்று எடுத்துக் கொடுத்தான்.

"இனிமே எனக்கு மட்டும் வரட்டும். நான் பாத்துக்கறேன்" என்றார் மேனேஜர்.

"எழுதிக் கொடுங்க சார்."

கொடுத்தார். இதோ அந்தத் தாள். அன்றே மற்ற இரண்டு எண்களையும் எடுத்தேன். அறை மணியை நிறுத்தினேன். மெக்கானிக் தன் ஃபோனில் அளவைப் பார்க்கும் வசதியையும் எடுத்தேன். அதெல்லாம் தாளில் இல்லையே என்கிறீர்கள். செய்வதை முழுதாகச் செய்வது என் பழக்கம். என் மேசைத் திரையில் பார்க்கிற அனுமதியை மட்டும் விட்டுவைத்தேன்.

ஒன்பதாம் நாள் காலை பதினொன்றேகாலுக்கு அளவு நாற்பது. மேனேஜருக்கு எச்சரிக்கை போனது. அவர் ஃபோனைக் கவிழ்த்துவைத்துவிட்டு வாடிக்கையாளர்களோடு பேசிக்கொண்டிருந்தார். நடுவில் கண்ணாடிச் சுவர்தான், எல்லாம் தெரிந்தது. தொண்ணூறு. நூற்றெண்பது. ஓடிவந்து "என்னம்மா செய்யணும்?" என்று கேட்பார் என உட்கார்ந்திருந்தேன். பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

வந்தவன் மெக்கானிக்.

"அக்கா, கண்ணு லேசா எரியுது. சளி பிடிச்சு மூக்கு வேற அடைச்சுக் கெடக்கு, வாடையே தெரியல. உங்க பெட்டி என்னக்கா சொல்லுது?"

திரையை அவன் பக்கம் திருப்ப இரண்டு விரல் போதும்.

"அது இப்ப மேனேஜர்கிட்ட மட்டும்தான் பேசும், தம்பி. அவரையே கேளு."

"இன்னுமா கோவம்? சரியான ஆளுக்கா நீங்க. விடுங்க, நானே போய்ப் பாத்துக்கறேன்."

போனான். கதவு மூடிக்கொண்டது. ஆறாவது நிமிடம் பம்பின் சீல் பிய்ந்து, அளவு கருவியின் எல்லையையே தாண்டியது. நான் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

எழுதிக்கொள்ளுங்கள். தெரிந்துதான் அவனை உள்ளே போகவிட்டேன். அந்தக் கட்டடத்தில் ஒரே ஒரு ஆள் என்னை மரியாதையாகக் கேட்டிருந்தால் இது நடந்திருக்காது.

அவன் கேட்டானே என்கிறீர்கள். கேட்டான், ஐயா. சிரித்துக்கொண்டே கேட்டான்.