காலை மட்டும் எடுத்துடாதீங்க

ஒரே ஒரு ஊராம், அந்த ஊருக்கு வெளிய ஒரே ஒரு சரிவாம், அந்தச் சரிவுல மூக்கைக் கீழ நீட்டிக்கிட்டு ஒரே ஒரு லாரி நின்னுச்சாம்... ஏண்ணே சிரிக்கிறீங்க? லிஃப்ட்டு கேட்டா கதை சொல்றானேன்னா? வண்டி கிளம்பினா கூட்டிட்டுப் போகாமலா இருப்பாங்க? சோதனை முடியணும், அவ்வளவுதான். ஏறி வாங்க. பையை அந்தப் பக்கம் வைங்க. ஐயோ, அந்த ஸ்கேல் மேல வேணாம், அது ஆபீசரோடது.

ஆமாண்ணே, பிரேக் சோதனை. ரோட்டுல போற லாரியை மறிச்சு, பிரேக் பிடிக்குதான்னு பார்க்கிற ஆபீசர். நல்ல வேலைதான். வண்டிக்கு அடியில படுத்து, சக்கரத்துக்கிட்ட இருக்கிற கம்பியில சாக்பீஸால ஒரு கோடு போட்டாரு. பிரேக்கை மிதிச்சா அந்தக் கம்பி வெளிய வரும். எவ்வளவு வருதுன்னு அளந்தா பிரேக்கோட யோக்கியதை தெரிஞ்சுடும். மிதிங்க, நான் சொல்ற வரைக்கும் காலை எடுக்காதீங்கன்னாரு. டிரைவர் மிதிச்சாரு. கோடும் நகர்ந்துச்சு. அப்பத்தான், ஸ்கேலை ஆபீஸ்லயே விட்டுட்டு வந்தது ஞாபகம் வந்துச்சு. இதோ எடுத்துட்டு வந்துடறேன்னு போனாரு.

ஹேண்ட் பிரேக்கா? அதான் பாருங்க, டேப் சுத்தி சீல் வச்சிருக்கு. கால் பிரேக் பாஸானாத்தான் அதைத் தொடணுமாம். கல்லு வைக்கலாம்தான். வச்சாங்களே! ரோந்து வந்த பெரிய ஆபீசர் உதைச்சுத் தள்ளிட்டாரு. முட்டுக்கொடுத்து நிக்கிற வண்டிக்கு எதுக்குய்யா பிரேக் சோதனைன்னு கேட்டாரு. நியாயம் மாதிரியே இருந்துச்சு.

காலை எடுத்தாலா? கீழ பாருங்க. டீக்கடை தெரியுதா? பெஞ்சுல ஒரு பெரியவர் பேப்பர் படிக்கிறாரு, கடைக்காரம்மா பால் காய்ச்சுறாங்க. நடுவுல ஒரு செடிகூட இல்ல. அந்தம்மா அப்பப்ப நிமிர்ந்து இந்தக் கண்ணாடியைப் பார்ப்பாங்க. நாம தலையாட்டணும். ஆட்டினா மறுபடி பாலைக் கிளறப் போயிடுவாங்க.

வந்தாரேண்ணே, ஸ்கேலோடதான் வந்தாரு. ஆனா அதுக்குள்ள அவரைத் தேடிக்கிட்டு டிரைவர் போயிட்டாரு. பிரேக்குல இருந்தது, வழியில போன ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் காலு. அவரு ஆபீசரைப் பார்த்ததும், சார், ஒரு நிமிஷம் மிதிங்க, ஒண்ணுக்குப் போயிட்டு ஓடி வந்துடறேன்னாரு. ஓடினது வாஸ்தவம். வந்ததுதான் இல்ல. இப்ப ஸ்கேல் இருக்கு, ஆபீசர் இருக்காரு. மேல உக்காந்து மிதிச்சுக்கிட்டே கீழ படுத்து எப்படிண்ணே அளக்கறது?

சிரிங்க, சிரிங்க. எனக்கும் மத்தியானம் வரைக்கும் சிரிப்பாத்தான் இருந்துச்சு.

அண்ணே, கால் மரத்துப்போச்சு. உங்க காலைக் கொஞ்சம் என் கால் மேல வைங்களேன். இன்னும் அழுத்தி. நான் மெதுவா உருவிக்கறேன்... ஆங். நல்ல கனமான காலுண்ணே உங்களுக்கு. அப்படியே நகர்ந்து சீட்டுக்கு வந்துடுங்க. இன்ஜினை அணைச்சிடாதீங்க, அதுலதான் பிரேக்குக்குக் காத்து வருது.

பேண்ட் பையில புடைச்சுக்கிட்டு இருக்கிறதா? எங்க மாமாவோட பல் செட்டு. ரிப்பேருக்குக் குடுத்து வாங்கினது. சாயங்காலம் எனக்குப் பொண்ணு கேட்டுப் போறாங்க. பேச வேண்டியது மாமாதான். பல்லு இல்லாம அவர் பேசினா அவருக்கே புரியாது. பொண்ணோட அப்பா வேற, இன்னைக்கு வரலைன்னா அடுத்த வரனைப் பார்த்துக்கறேன்னுட்டாரு. பொண்ணு பாவம், வந்துடுங்க, வந்துடுங்கன்னு அழுவுது.

உங்க தலைக்குப் பின்னாடி ஒரு சட்டை மாட்டியிருக்கு, எடுத்துக் குடுங்கண்ணே. ஆமா, யூனிஃபார்ம்தான். மாப்பிள்ளை ஆபீசர்னு சொல்லி வச்சிருக்காங்க, அதுலதான் போகணும். போட்டுக்கிட்டு உக்காந்தா ஒருத்தரும் வண்டியில ஏற மாட்டேங்கறாங்க, அதான் கழட்டி மாட்டினேன்.

ஆமாண்ணே. அந்த ஆபீசர் நான்தான்.

இப்ப அளந்துடலாமா? அளக்கலாம்தான். நீங்க மிதிக்கிறீங்க, ஸ்கேல் இருக்கு, கோடு இருக்கு. எல்லாம் சரிதான். ஆனா இதோட பிரேக் எப்படின்னு இன்னும் யாருக்கும் தெரியாது. உங்களையும் எனக்குத் தெரியாது. பொண்ணு கேக்கப் போற நாளும் அதுவுமா இதுக்கு அடியில நான் எப்படிண்ணே போய்ப் படுக்கறது? நீங்களே சொல்லுங்க.

கத்தாதீங்க, கத்தினா காலு தளரும். யாராவது லிஃப்ட்டு கேட்டு வருவாங்க. நேராச் சொன்னா ஓடிடுவாங்க, ஒரே ஒரு ஊராம்னு மெதுவா ஆரம்பிங்க.

வர்றேண்ணே. ஸ்கேல் இருக்கட்டும்.

அந்தா, கடைக்காரம்மா பார்க்கிறாங்க. தலையாட்டுங்க.