மே நாட்

— கொட்டாவி விடறதுன்னாலும் சத்தமில்லாம விடுங்க. கட்டில் தலைமாட்டுல தாள் தொங்குதே, மறந்து போச்சா? தம்பி, உங்க மாமாவுக்குக் கேக்கற மாதிரி இன்னொரு தடவை படி.

— மூணு நாளா படிச்சுப் படிச்சு எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சுக்கா. "பேஷண்ட் மே நாட் ஸ்பீக் ஃபார் எ வீக்." ஒரு வாரம் பேசக் கூடாது. தொண்டையில கத்தி வெச்ச டாக்டரே எழுதினது, என் சொந்தச் சரக்கு இல்ல.

— கேட்டீங்களா? ஏலம் போடற தொண்டை. அது போச்சுன்னா நம்ம பொழப்பே போச்சு. என்னடா, கையைச் சுத்திச் சுத்திக் காட்டுறார்?

— தண்ணி கேக்கறார் போல. ஆனா சைகையும் ஒரு வகையில பேச்சுதான். சட்டப்படி அதுவும் கூடாது.

— ஒரு கையில டிரிப்ஸ் ஏறுது. இன்னொரு கையை நான் அமுக்கிப் பிடிச்சுக்கறேன். அடுத்த வரி என்ன?

— "ஹி ஷுட் பீ ஃபைன்." நல்லா இருக்கணுமாம்.

— அது யாருக்குடா உத்தரவு? அவருக்கா, நமக்கா?

— "ஹி"ன்னா மாமாதான். நல்லா இல்லேன்னா பொறுப்பு அவரோடது, டாக்டர் கையைக் கழுவிட்டார்.

— கேட்டுக்கங்க. நீங்க நல்லா இருந்தே ஆகணும். அப்புறம்?

— "தேர் குட் பீ பெயின்." குட்-ங்கறது கேன்-னோட இறந்த காலம்க்கா. வலி இருந்துச்சு, முடிஞ்சு போச்சு.

— முகத்தைச் சுளிக்கறாரே.

— பழக்கதோஷம்.

— என்னம்மா இது, மருந்து மாத்த வந்தா, நோயாளி கையை இப்படிப் போட்டு நசுக்கிட்டிருக்கீங்க. விடுங்க முதல்ல.

— அவர் பேசக் கூடாதே சிஸ்டர். டாக்டர் எழுதினதை நீங்கதானே கொண்டாந்து மாட்டினீங்க.

— கூடாதுன்னு யார் சொன்னா? ஒரு வாரம் பேச்சு வராம இருக்கலாம்னுதான் போட்டிருக்கு, வந்தா நல்லது.

— இல்ல சிஸ்டர், மே-ன்னா அனுமதி. மே நாட்-னா அனுமதி இல்ல. அனுபவத்துல சொல்றேன், பார்சல் ஆபீஸ்ல பதினாலு வருஷம் குப்பை கொட்டியிருக்கேன்.

— அப்படியா? பெட்டி மேல "மே பிரேக்"னு ஒட்டியிருந்தா என்ன பண்ணுவீங்க?

— உடைக்கலாம்னு அனுமதி கொடுத்திருக்காங்களேன்னு ஓரமா வீசிடுவோம். பார்ட்டிங்க ஏன் சண்டைக்கு வர்றாங்கன்னுதான் புரியல.

— உடைஞ்சாலும் உடையும், பார்த்து எடுங்கன்னு அர்த்தம் சார். உங்க மாமா பேச்சும் அப்படித்தான். வந்தாலும் வரும், வராமலும் போகும்.

— அடப்பாவி, உன்னை நம்பி மூணு நாளா அவர் வாயைப் பூட்டி வெச்சுட்டேனே. என்னங்க, பேசுங்க. ஒரே ஒரு வார்த்தை. திட்டவாவது செய்யுங்க. சிஸ்டர், வாயே திறக்கலையே, நிஜமாவே குரல் போயிடுச்சா?

— போகலையேம்மா. காலையில நீங்க வெளியே போயிருந்தப்ப ஊசி போடும்போதுகூட "மெதுவாம்மா"ன்னு கணீர்னு சொன்னாரு.

— அப்போ எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு சும்மாத்தான் படுத்திருந்தாரா? ஐயோ, பதில் பேச மாட்டாருங்கற தைரியத்துல நான் என்னென்னவோ கொட்டிட்டேனே. இருபத்திரண்டு வருஷமா நெஞ்சுக்குள்ள கிடந்தது அத்தனையும். வீட்டுல இவர் நிறுத்தினாத்தானே நான் ஆரம்பிக்க முடியும். ஏங்க, பேச்சு வந்தும் ஏங்க பேசல?

— ஒருவேளை மாமாவும் என்னை மாதிரியே தப்பாப் புரிஞ்சுக்கிட்டாரோ என்னவோ.

— இல்லடா, முதல் நாளே சிஸ்டர்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். நேத்து இவ, பாட்டு டீச்சர் வேலையை ஏன் விட்டேன்னு சொல்லிக்கிட்டிருந்தா, பாதியில நீ தாளைப் படிக்க வந்துட்டே. அவ சொல்லி முடிக்கட்டும், அதுவரைக்கும் எனக்குப் பேசக் கூடாதுன்னே இருக்கட்டும்.